புள்ளிச் சில்லையும் வெண்தொண்டைச் சில்லையும்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் எப்படி அடையாளம் காண்பது

கேட்டவருக்குக் கடலூரில் திருவந்திபுரம் பக்கம் வீடு. மாடி முகப்பில் குருவிகளுக்காக ஒரு நெற்கதிர்க் கொத்தைத் தொங்கவிட்டிருக்கிறார். பொங்கலுக்கு அப்புறம் அதற்குச் சிட்டுக்குருவியை விடச் சின்னதாக இரண்டு விதப் பறவைகள் வருகின்றனவாம். ஒன்றுக்கு மார்பு முழுக்க மீன் செதில் போலக் கோலம், இன்னொன்று எந்தக் கோலமும் இல்லாத வெளிர் பழுப்பு. இவை ஆணும் பெண்ணுமா, இல்லை வேறு வேறு பறவைகளா, ஒரு ஜோடியைக் கூண்டில் வைத்து வளர்க்கலாமா என்பது கேள்வி.

ஆணும் பெண்ணும் இல்லை. செதில் கோலம் உள்ளது புள்ளிச் சில்லை, அதில் சந்தேகமே வேண்டாம். இந்தப் பறவையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே உடைதான், ஆணுக்குத் தொண்டையும் கோலமும் கொஞ்சம் அழுத்தமாக இருக்கும் என்றாலும் ஒரு மாடிக் கைப்பிடிச் சுவரில் இரண்டு வந்து உட்கார்ந்தால் அதை வைத்துப் பிரிப்பது கடினம். சில்லைகளில் ஆண் பெண் வித்தியாசம் பளிச்சென்று தெரிவது சிவப்புச் சில்லையில்தான், அங்கே இனப்பெருக்கக் காலத்து ஆண் வெள்ளைப் பொட்டு வைத்த சிவப்பாக மாறிவிடும்.

சரி, அந்த வெளிர் பழுப்பு யார்? இதற்கு இரண்டு விடைகள் உண்டு, இரண்டும் உங்கள் ஊரில் நடக்கக்கூடியவை. ஒன்று, அது வெண்தொண்டைச் சில்லை, அதாவது முற்றிலும் வேறு பறவை. இன்னொன்று, அது புள்ளிச் சில்லையின் இளம் பறவை. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் புள்ளிச் சில்லையின் குஞ்சு கூட்டை விட்டு வெளியே வரும்போது அதன் உடம்பில் ஒரு செதில் கோடு கூட இருக்காது. மேலே வெளிர் பழுப்பு, கீழே மங்கிய சந்தன நிறம், அவ்வளவுதான். மாதங்கள் போகப் போக இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கும்போது மார்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோலம் தோன்றும். அப்படிப் பாதி மாறிய பறவைகளையும் நீங்கள் அதே கொத்தில் பார்க்கலாம், அவற்றை மூன்றாவது இனம் என்று நினைத்துவிட வேண்டாம்.

அதனால் மார்பை விட்டுவிடுங்கள். பறவை திரும்பி உட்காரும் வரை காத்திருந்து வாலையும், வால் தொடங்கும் இடத்துக்கு மேலே உள்ள இடுப்பையும் பாருங்கள். வெண்தொண்டைச் சில்லையின் வால் கருப்பு. நீளமானது, நுனியில் நன்றாகக் கூர்ந்து முடியும், அதன் சின்ன உடம்புக்கு அந்த வால் அளவு மீறியதாகவே தெரியும். வாலுக்கு மேலே இடுப்பு வெள்ளை. பழுப்பு முதுகு, வெள்ளை இடுப்பு, கருப்பு வால் என்று மூன்று பட்டையாகத் தெரிந்தால் வேலை முடிந்தது, அது வெண்தொண்டைதான். பறந்து போகும்போது இந்த வெள்ளை இன்னும் தெளிவாகத் தெரியும். இளம் புள்ளிச் சில்லைக்கு இப்படிப் பிரிவே கிடையாது, முதுகு, இடுப்பு, வால் எல்லாம் ஏறக்குறைய ஒரே பழுப்பாக ஓடும். வளர்ந்த புள்ளிச் சில்லைக்கு வாலின் மேற்புறத்தில் வைக்கோல் மஞ்சள் மினுங்கும், நல்ல வெயிலில் பார்த்தால் அழகு.

இரண்டாவது அடையாளம் அலகு. இரண்டுக்கும் கூம்பு வடிவ அலகுதான், விதை உடைக்கும் குடும்பம் அல்லவா. ஆனால் வெண்தொண்டையின் அலகு வெள்ளிச் சாம்பல், அதில் ஒரு நீலச் சாயல் இருக்கும். வெளுத்த முகத்தில் அந்த அலகும் கருத்த கண்ணும் மட்டும் தனியாக எடுத்துக் காட்டும். வளர்ந்த புள்ளிச் சில்லையின் அலகு கருமைக்குப் பக்கம். இளசுக்கும் கரும்சாம்பல்தான். மூன்றாவதாக வயிற்றைப் பாருங்கள்: வெண்தொண்டைக்குத் தொண்டையிலிருந்து வயிறு வரை நல்ல வெள்ளை, விலாவில் மட்டும் லேசான பழுப்புத் தீற்றல். இளம் புள்ளிச் சில்லை அந்த அளவு வெள்ளையாக ஒருபோதும் இருக்காது.

அளவை வைத்துப் பிரிக்க முயல வேண்டாம். இரண்டுமே 11 செ.மீ. சுற்றித்தான், எடையும் பதினாறு கிராமுக்குள் அடங்கிவிடும். ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-லேயே இரண்டுக்கும் அறிவியல் பெயர் சூட்டிவிட்டார். அதன் பிறகு நெடுங்காலம் இரண்டையும் லோஞ்சுரா என்ற ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள், இப்போது வெண்தொண்டையையும் அதன் ஆப்பிரிக்க உறவையும் யூவோடிஸ் என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள். ஆப்பிரிக்கச் சில்லைக்கு இடுப்பு கருப்பு, நம்முடையதற்கு வெள்ளை. அங்கேயும் பாருங்கள், பிரித்துக் காட்டுவது முதுகுப் பக்கம்தான்.

வெள்ளை இடுப்பு என்று சொன்னதும் சிலர் வெண்முதுகுச் சில்லையா என்று கேட்பார்கள். அதற்கும் இடுப்பு வெள்ளை, உண்மைதான், ஆனால் அதன் தலையும் தொண்டையும் மார்பும் அடர்ந்த கரும்பழுப்பு. வெளிர் முகத்தோடு அதைக் குழப்பவே முடியாது. ஊசுடு ஏரிப் பக்கம் கோரையிலும் கரும்புத் தோட்டத்திலும் கருந்தலைச் சில்லையும் இருக்கிறது, வளர்ந்த பறவையைப் பார்த்தால் யாருக்கும் தெரியும்: கருந்தலை, வெள்ளை விலா, செம்பழுப்பு முதுகு. அதன் இளசுதான் தொந்தரவு, இளம் புள்ளிச் சில்லையையும் இளம் கருந்தலையையும் பக்கத்தில் பெரியவை இல்லாமல் பார்த்தால் அனுபவம் உள்ளவர்களும் சில்லை என்று மட்டும் எழுதிவிட்டுப் போவார்கள். அதில் தவறில்லை.

இனி, இந்த இரண்டும் ஏன் உங்கள் வீட்டுக்கு ஒன்றாக வருகின்றன என்பதற்கு வருகிறேன், எனக்கு இதில்தான் அதிக ஆர்வம். புள்ளிச் சில்லை ஈரம் பிடித்த பச்சை நிலத்தின் பறவை. நெல் வயல், வாய்க்கால் ஓரம், உயர்ந்த புல் வளரும் ஏரிக்கரை, கரும்பு, தோட்டம், இவையெல்லாம் அதற்குப் பிடித்த இடம். வெண்தொண்டை வறண்ட, திறந்த நிலத்துப் பறவை. தரிசு, முள்வேலி, வேலிகாத்தான் புதர், மேய்ச்சல் காடு, கம்பும் வரகும் விளையும் மானாவாரி மேடு, அங்கேதான் அது நிம்மதியாக இருக்கும். தமிழ்நாட்டில் பல ஊர்களில் இந்த இரண்டு நிலமும் தூரத் தூரமாக இருக்கும், கடலூரில் அப்படி இல்லை. திருவந்திபுரத்தில் ஒரு பக்கம் கேப்பர் மலையின் செம்மண் மேடு, முந்திரியும் முள்ளுமாக. இன்னொரு பக்கம் இறங்கினால் கெடிலம், அதன் கரையில் வயல். உங்கள் மாடி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. புதுச்சேரியிலும் இதே கதைதான், காலாப்பட்டுக்கு மேற்கே ஆரோவில் செம்மண் மேட்டில் வெண்தொண்டையைத் தேடினால் கிடைக்கும், பாகூர் ஏரிப் பாசன வயலுக்குப் போனால் புள்ளிச் சில்லைதான் கூட்டம் கூட்டமாக எழும். நெல்லிக்குப்பம் கரும்புப் பகுதியிலும் அப்படியே.

ஆனால் இதை ஒரு கோடு போட்டது போல எடுத்துக்கொள்ளாதீர்கள். வயலை அறுத்து முடித்ததும் அந்தத் தாளடி காய்ந்து திறந்த வெளியாகிவிடும், அப்போது வெண்தொண்டையும் கீழே இறங்கி வரும், வரப்புப் புல்லில் விதை பொறுக்கும். சம்பா அறுவடை முடிகிற தை, மாசியில் இரண்டையும் ஒரே வரப்பில் பார்ப்பது நம் பக்கம் சாதாரணம். உங்கள் கொத்துக்கு வரத் தொடங்கியதும் அந்தச் சமயத்தில்தானே.

சாப்பிடும் விதத்தைக் கொஞ்சம் நின்று கவனித்தால் நேரம் போவதே தெரியாது. நெல்லை உமி நீக்காமல் எந்தச் சில்லையும் விழுங்காது. அலகுக்குள் நெல்லை ஓரமாக ஒதுக்கி, கீழ் அலகை அசைத்து அசைத்து உருட்டும், உமி இரண்டு பக்கமும் வழிந்து விழும், அரிசி உள்ளே போகும். உங்கள் கொத்துக்குக் கீழே தரையில் சேருவது பெரும்பாலும் இந்த உமிதான், குருவி வீணாக்குகிறது என்று நினைக்க வேண்டாம். புல்லில் சாப்பிடும்போது வெண்தொண்டை ஒரு காரியம் செய்யும்: மெல்லிய புல் தண்டின் நடுவில் பிடித்து ஏறும், தண்டு தன் எடைக்கு வளைந்து கதிர் கீழே தொங்கும் வரை நகர்ந்து போகும், அப்புறம் தலைகீழாகப் போகிற அளவுக்குச் சாய்ந்து கதிரை அலகால் உருவும். காற்று அடித்தாலும் விடாது. வெண்தொண்டைக்கு நெல்லை விடச் சின்ன விதைகள்தான் முதல் விருப்பம், அதனால் கொத்தில் தொங்குவதைக் காட்டிலும் கீழே சிதறியதைப் பொறுக்குவதை நீங்கள் அதிகம் பார்ப்பீர்கள். கல்யாண முருங்கை பூத்திருந்தால் தேன் குடிக்கவும் வரும், விதை தின்னும் பறவை பூவுக்கு வருகிறதே என்று பலர் ஆச்சரியப்படுவது இதைத்தான். இரண்டுமே அவ்வப்போது பூச்சியும் எடுக்கும்.

புள்ளிச் சில்லைக் கூட்டம் தரையில் மேயும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். சில பறவைகள் தலையைக் குனிந்தபடியே தத்தித் தத்திப் போகும், சில தலையை நிமிர்த்திக்கொண்டு தத்தும். கனடாவின் மான்ட்ரியலில் லூக் ஆலன் ஜிரால்டோவின் குழு இந்தப் பறவைகளை வைத்துத்தான் இதை ஆராய்ந்தது, 2001-இல் வெளியானது. தலையைக் குனிந்து தத்தும் பறவை சொந்தமாக இரை தேடுகிறது, நிமிர்ந்து தத்தும் பறவை மற்றவை எங்கே கண்டுபிடித்தன என்று நோட்டமிட்டு அங்கே போய்ச் சேர்ந்துகொள்கிறது. ஒரே பறவை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யும். நம் ஊர் வரப்பில் சாதாரணமாகத் திரியும் ஒரு பறவை, கூட்டமாக வாழும் உயிர்கள் உணவை எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பதை உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது என்பதில் எனக்கு உண்மையிலேயே பெருமை. உங்கள் மாடியில் கைப்பிடி தினையைத் தூவிவிட்டு ஜன்னலுக்கு உள்ளே இருந்து பார்த்தாலே இது தெரியும்.

குரலை நம்பி அடையாளம் காண்பது ஆரம்பத்தில் சிரமம். புள்ளிச் சில்லை "கிட்டி கிட்டி" என்று மெலிதாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், வாலையும் சிறகையும் அடிக்கடி வெட்டி வெட்டி அசைக்கும். ஆண் பாடும் பாட்டு மிகப் பக்கத்தில் இருந்தால்தான் காதில் விழும். வெண்தொண்டையின் பாட்டு குட்டையான, நடுங்கும் ஓர் ஒலி. இதற்கு மேல் குரலைப் பற்றி எழுத்தில் சொல்லிப் பயன் இல்லை.

கூட்டில்தான் இரண்டும் நன்றாகப் பிரிகின்றன. புள்ளிச் சில்லை தானே கட்டும், பெரிதாகக் கட்டும். நீளமான புல் இதழையோ மூங்கில் இலையையோ ஒரு நுனியில் கவ்விக்கொண்டு, மிச்சம் பின்னால் இழுபட, பறக்க முடியாமல் பறந்து வரும். அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டால் பக்கத்தில் எங்கோ கூடு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் கட்டும், ஒழுங்கில்லாத ஒரு புல் உருண்டை, பக்கவாட்டில் வாசல். குட்டையான மரம், வேலிப் புதர், சில சமயம் வீட்டுத் தாழ்வாரத்தின் இறவாணம் கூட அதற்குப் போதும். மாடியில் வைத்திருக்கும் செடிக் கொடிக்குள் கட்டிவிட்டது என்று கேள்விப்படுவதெல்லாம் பெரும்பாலும் இதுதான். வழக்கமாக நான்கிலிருந்து ஆறு முட்டை, வெள்ளையாக, அதற்கு மேலும் இடுவது உண்டு. மழையை ஒட்டிப் புல் விதை பிடிக்கும் காலத்தில் குஞ்சு பொரிக்கும், அதனால்தான் அதன் பிறகு கொஞ்ச நாளில் கோலமில்லாத இளசுகள் கொத்துக்கு வரத் தொடங்குகின்றன.

வெண்தொண்டையும் முள்செடியில் புல்லால் உருண்டைக் கூடு கட்டத் தெரிந்த பறவைதான். ஆனால் பழைய தூக்கணாங்குருவிக் கூடு கிடைத்தால் அதை விடாது. யோசித்துப் பாருங்கள், தூக்கணாங்குருவி மழைக்காலத்தில் பனையிலும் ஈச்சையிலும் கிணற்று மேல் சாய்ந்த கிளையிலும் கூடு பின்னி, குஞ்சு வளர்ந்ததும் விட்டுவிட்டுப் போய்விடும். தென்னிந்தியாவில் வெண்தொண்டை பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் முட்டையிடும். பாம்பு எளிதில் ஏற முடியாத, மழை உள்ளே இறங்காத ஒரு வீடு சரியாக அந்த நேரத்தில் காலியாகிறது. முட்டை வைக்க மட்டும் இல்லை, இரவு தங்கவும் பழைய கூட்டில் பல பறவைகள் ஒன்றாக நுழைந்துகொள்ளும். சாயங்காலம் வெளிச்சம் குறையும் நேரத்தில் ஒரு பழைய கூட்டின் வாசல் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றன் பின் ஒன்றாக உள்ளே போவது தெரியும், இடம் போதாமல் ஒன்று வெளியே வந்து, சுற்றி, மறுபடி நுழையும். முட்டையை ஆண், பெண் இரண்டும் மாறி மாறி அடைகாக்கும், பதினோரு நாளில் பொரிந்துவிடும்.

இதனால்தான் தூக்கணாங்குருவிக் கூட்டை அறுத்து வந்து வரவேற்பறையில் தொங்கவிடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். "குருவி போய்விட்டது, காலிக் கூடுதானே" என்பார்கள். காலி இல்லை. அந்தக் கூட்டுக்கு அடுத்த குடித்தனக்காரர் ஏற்கெனவே உண்டு. சாலையோரத்தில் விற்பதைப் பார்த்தாலும் வாங்காதீர்கள், வாங்குகிறவர் இருக்கும் வரை பனையில் ஏறி அறுக்கிறவர் இருப்பார்.

கூண்டு விஷயம். கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டுச் சில்லைகளைப் பிடிப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். கடையில் முனியா என்று சொல்லிப் பச்சை, மஞ்சள், ரோஸ் நிறத்தில் "கலர் குருவி" காட்டினால், அந்த நிறம் சாயம். வயலில் வலை போட்டுப் பிடித்த சில்லையைச் சாயத்தில் முக்கி விற்கிறார்கள், பிடிபடும்போதும் சாயமேற்றும்போதும் சாகிறவை ஒரு பக்கம், மிஞ்சியவை அடைபட்ட பயத்தில் மெலிந்து போவது இன்னொரு பக்கம். கூட்டத்தோடு வாழ்ந்து பழகிய பறவையை ஒற்றையாகவோ ஜோடியாகவோ அடைத்துவிட்டு அது பாடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வளர்த்தே ஆக வேண்டும் என்ற ஆசை இருந்தால் ஜீப்ரா பிஞ்ச், பெங்காலிஸ் பிஞ்ச் போலத் தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே வளர்ந்து வந்த வெளிநாட்டு இனங்களைப் பற்றி விசாரியுங்கள். பெங்காலிஸ் பிஞ்ச் என்பது வெண்முதுகுச் சில்லையிலிருந்து வந்த வளர்ப்புப் பறவை, ஜப்பானில் பல காலமாக வளர்த்துப் பழக்கியது. அதை வாங்கினாலும் பெரிய கூண்டு, சேர்த்து வைக்கத் துணைப் பறவை, தினமும் தண்ணீர் மாற்றும் பொறுமை எல்லாம் வேண்டும். ஒன்று மட்டும், எந்தக் கூண்டுப் பறவையையும் வெளியே பறக்க விடாதீர்கள். புள்ளிச் சில்லையே அப்படிக் கூண்டிலிருந்து தப்பி ஆஸ்திரேலியாவிலும் கலிபோர்னியாவிலும் பெருகியிருக்கிறது.

உங்கள் மாடியில் நடப்பதே கூண்டை விட மேல். கொத்தை இப்போது போலவே தொங்கவிடுங்கள், பூச்சிமருந்து அடிக்காத வயலின் கதிராக இருந்தால் நல்லது. நெல் தீர்ந்தால் கம்பங்கதிரோ தினையோ போதும். பக்கத்தில் ஒரு அகல மண்சட்டியில் விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர், தினமும் கழுவி மாற்ற வேண்டும். தோட்டம் இருந்தால் ஒரு ஓரத்துப் புல்லை வெட்டாமல் விதை பிடிக்க விடுங்கள், வெண்தொண்டைக்கு நெற்கதிரை விட அது பிடிக்கும். பூனை வரும் வழி தெரிந்தால் கொத்தைக் கைப்பிடிச் சுவரிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

அடுத்த முறை படம் எடுக்கும்போது மார்பு தெரிய எடுத்ததோடு நிறுத்தாமல், அது திரும்பும் வரை இருந்து முதுகுப் பக்கமும் ஒன்று எடுங்கள். இடுப்பு வெள்ளையா, வால் கருப்பா என்று அதில் தெரிந்தால் போதும், யார் வந்து போகிறார்கள் என்று உங்களுக்கே சொல்ல வரும்.